நிரம்பாத ஷேர் ஆட்டோ

ஏப்ரல் 6, திங்கள்
காலையிலேயே அனல். ஒத்தக்கடை மாடியறை. மின்விசிறி சுற்றுகிறது, காற்றுதான் இல்லை. லேப்டாப்பும் நானும் வேகிறோம்.

நான் இருந்த பெங்களூர் கேம் கம்பெனியில் இந்நேரம் மீட்டிங். ஏ.சி. அறை நிறைய ஆள். கேமில் பழம் வெடித்தால் எந்த நிறத்தில் மினுங்க வேண்டும் என்று விவாதம். அதற்கொரு மேனேஜர், அவருக்கொரு மேனேஜர். த்தூ. தீபாவளியோடு விட்டு வந்தது நல்லதாயிற்று.

இப்போது என் கேம், நான் ஒருத்தியே. அவனியாபுரம் ஷேர் ஆட்டோ. ஆடுபவர்தான் டிரைவர். ஆள் நிரம்பாமல் வண்டி கிளம்பாது. அதுவரை ஏறியவர்கள் கோபித்து இறங்கிவிடாமல் பேச்சுக் கொடுத்துப் பிடித்துவைக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஏப்ரல் 9, வியாழன்
அம்மா போனில், ஞாயிறன்று பெண் பார்க்க வரும் பரவை ஊர் மாப்பிள்ளை வீட்டாரிடம்: "ஆமாங்க, அதே கம்பெனிதான். வீட்டுல இருந்தே வேலை பாக்குறா."

"எதுக்கும்மா பொய்?"

"வேலைய விட்டுட்டேன்னு சொன்னா எவன்டி வருவான்? வாயப் பொத்திக்கிட்டு இரு."

கேமில் மழைக் காட்சி முடிந்தது. ஹாரன் சத்தம் சரியில்லை. மூக்கில் பரு.

ஏப்ரல் 12, ஞாயிறு
வந்தார்கள். கேசரி, பஜ்ஜி. மாப்பிள்ளைக்குச் சட்டை நன்றாக இருந்தது. மூளைக்குத்தான் ஞாயிறு விடுமுறை.

"அந்தப் பழம் வெடிக்கிற கேம் நீங்க செஞ்சதா? செமங்க! பாத்ரூம்லகூட நான் அதான் ஆடுவேன்."

பெருமைப்பட வேண்டுமாம்.

தனியாகப் பேச மாடிக்கு அனுப்பினார்கள். என்ன நினைத்தேனோ, என் கேமைக் காட்டினேன். வெளியாள் ஒருவர் ஆடுவது இதுதான் முதல்முறை. வண்டியில் இரண்டு பேர் ஏறினார்கள். அவன் நிமிர்ந்தான்.

"ஏங்க, ஆளு ஏறுறத ஸ்கிப் பண்ண முடியாதா?"

"அதுதாங்க கேமே."

"ஓ."

மரியாதைக்குக் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தான். பிறகு தன் போனை. மடையன். இன்னும் ஒரு ஆள் ஏறும்வரையாவது பொறுத்திருக்கலாம். எழுதும்போது அழுகை வருகிறது. இவனுக்காகவா? சீ.

ஏப்ரல் 13, திங்கள்
சம்மதமாம். அம்மாவுக்குக் கால் தரையில் இல்லை. அவன் அம்மா போனில், ஸ்பீக்கரில்:

"பொண்ணு பிடிச்சிருக்கு. எங்க சின்னவனையும் அந்தக் கம்பெனில சேத்துவிட்டுச்சுன்னா போதும், வேற ஒண்ணும் கேக்கல."

போனைப் பிடுங்கினேன். "அத்தே, நான் அந்த வேலைய விட்டு எம்புட்டு நாளாச்சு. தனியா ஷேர் ஆட்டோ கேம் செஞ்சுக்கிட்டு இருக்கேன்."

அந்தப் பக்கத்திலிருந்து, "கலந்து பேசிட்டுச் சொல்றோம்."

அம்மா தட்டை நங்கென்று வைத்தாள்.

மதியம் கேமை முதலிலிருந்து ஆடினேன். மூன்றாவது ஆள் ஏறுவதற்குள் எனக்கே கொட்டாவி.

காத்திருக்கும் நேரத்தைப் பாதியாக வெட்டினேன். அவன் சொன்னதற்காக இல்லை.