கடல் பக்கம் சாயும் சக்கரம்

நேற்று பவுடர் டப்பாவில் ஊசி தேடினேன். உங்கள் சைக்கிள் கம்பி முறுக்கும் சாவி கையில் வந்தது. சுற்றியிருந்த துணியைப் பிரித்ததும் துருவும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாசம். உங்கள் கை வாசமும் அதுதான். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்காரச் சொல்லி எத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறேன். நேற்று அதையே முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உப்பளத்துக்குப் போய்வரும் சைக்கிளுக்கு ஆயுசு குறைவு என்பார்கள். உங்களுடையது அதற்கு அடங்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கம்பி முனைகளில் எண்ணெய் விட்டு வைப்பீர்கள். "துருவோட மல்லுக்கு நின்னா கம்பிதான் ஒடியும்" என்பீர்கள். ஞாயிறு காலையில் வாசலில் சாக்கு விரித்து, சைக்கிளைக் கவிழ்த்து, சக்கரத்தின் இருபக்கமும் ஈர்க்குச்சி கட்டுவீர்கள். சக்கரத்தை மாட்டிக் கோட்டம் பார்க்கும் ஸ்டாண்டு ஒன்று வாங்கலாமே என்றால், "ஏளா, நீ இருக்கும்போது ஸ்டாண்டு எதுக்கு?" என்பீர்கள்.

சக்கரம் சுற்றும்போது ரிம் எந்தக் குச்சியில் தட்டுகிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. நமக்கு இடது வலது கிடையாது. என் இடக்கைப் பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம். "கடல்" என்றால் உப்பளப் பக்கத்துக் கம்பியை முறுக்குவீர்கள்; "அளம்" என்றால் கடல் பக்கத்துக் கம்பியை.

"ஏளா, கண்ணு எங்கன மேயுது?"

"உங்க சக்கரத்தக் காவல் காக்கத்தான் எங்கய்யா என்னக் கட்டிக் குடுத்தாவ."

நீங்கள் போனபின் நம் மகள் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள். மூன்றாம் மாடி. சாமான் ஏற்றிவந்த வண்டியில் உங்கள் சைக்கிளின் பின்சக்கரம் அடிபட்டுக் கோட்டமாகிவிட்டது.

"கடையில வீலையே மாத்தச் சொல்லுதான் அத்தை. பழச எடைக்குப் போட்டிருவோம்" என்றார் மருமகன். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. அந்தக் கம்பிகளில் நீங்கள் முறுக்கிய முறுக்கு இன்னும் இருக்கிறது. உங்களை ஒருமுறை வாசலோடு நின்று அனுப்பியது போதாதா?

இன்று காலை கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் நானே சைக்கிளைக் கவிழ்த்து ஈர்க்குச்சி கட்டினேன். ரிம் இடக்கைப் பக்கம் தட்டியது. "கடல்" என்று சொல்லிக்கொண்டு, மாடியிலிருந்து பார்த்த உப்பளம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக் கம்பியை முறுக்கினேன். முறுக்க முறுக்கக் கோட்டம் கூடியது. பயந்துபோய் வாட்ச்மேனைக் கேட்டேன்.

"அண்ணாச்சி, கடல் எங்கன இருக்கு?"

"அந்தா, உங்க சோத்துக்கைப் பக்கம்லா! தூத்துக்குடியில இருந்துக்கிட்டுக் கடலைத் தேடுதீயளே."

வாய் பழைய வீட்டுக் கடலைச் சொல்ல, கை இந்த வீட்டு உப்பளத்தைத் தேடி, தட்டிய பக்கத்தையே முறுக்கியிருக்கிறது. முறுக்கியதையெல்லாம் தளர்த்திவிட்டு, சைக்கிளைத் திருப்பி, கடல் இடக்கைப் பக்கம் வரும்படி உட்கார்ந்தேன். அப்போதுதான் மூச்சு வந்தது.

சக்கரத்தைச் சுற்றிவிட்டேன். ரிம் குச்சியில் தட்டியது. "கடல்" என்றேன். சக்கரம் மெல்ல நின்றது. எதிரே நீங்கள் முறுக்கட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சாவி என் கையில் இருப்பது பிறகுதான் நினைவு வந்தது. அழுதேன், வாட்ச்மேன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சக்கரம் நேராகிவிட்டது. இனி அதை யாரும் எடைக்குப் போட முடியாது. நேராகும்வரை ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் உங்களுக்காகக் கொஞ்சம் காத்திருந்துவிட்டுத்தான் முறுக்கினேன்.