ஸலாம் கொடுத்த பிறகு

5-1-1968, வெள்ளி

ஜும்ஆத் தொழுகையில் இமாம் என்ன ஓதினார் என்று கேட்டால் தெரியாது. மண்டிக்கு வந்த மூட்டைகளில் யார் நெல்லில் ஈரம் அதிகம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மனைவி ஜன்னத்திடம் சொன்னதும் சிரித்தாள். "உடம்புதான் குனிஞ்சு நிமிருது. மனசு மண்டியில உக்காந்து நெல்லு அளக்குது."

கோபம் வந்தது. அவள் சொன்னது உண்மை என்பதால் கூடுதலாகவே வந்தது.

9-1-1968

மண்டியில் கூலிப் பேச்சு. அறுப்பாட்கள் கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டிக் கேட்கிறார்கள். பண்ணை தியாகராசன் தரமாட்டாராம். வெளியூர் ஆட்களை லாரியில் இறக்குவாராம். ஊரெல்லாம் புது ஆட்சி, புதுக் கொடி. களத்தில் மட்டும் அதே பழைய மரக்கால். இரு தரப்பும் என்னிடம்தான் நெல் போடுகிறார்கள், அதனால் நடுவில் நான் மாட்டிக்கொண்டேன்.

கலையும்போது அறுப்பாட்களின் தலைவன் வைரக்கண்ணுவிடம் சொன்னேன்: "லாரி வந்தா உடனே ஆள் அனுப்பு. நான் வந்து நடுவுல நிக்கிறேன். என்னைத் தாண்டி ஒருத்தன் கை வைக்கமாட்டான்."

கெட்டிக்காரப் பேச்சு.

13-1-1968

தூக்கம் போச்சு. யா அல்லாஹ், ஒரே ஒரு மாலை அஸராவது நிம்மதியாகத் தொழவிடு.

17-1-1968

கிடைத்தது. கிடைத்திருக்கவே கூடாது.

அஸர் வீட்டிலேயே தொழுதேன். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டேன். எழுந்திருக்க மனம் வரவில்லை. கையில் தஸ்பீஹ் மணிமாலை. நெல் இல்லை, மரக்கால் இல்லை, தியாகராசன் இல்லை. உள்ளே அப்படி ஓர் அமைதி, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு.

வாசலில் வைரக்கண்ணு பெண்டாட்டி நாகம்மாள் குரல். கேட்டது — கேட்கவில்லை என்று யாரிடம் பொய் சொல்ல? ஜன்னத் திரையை விலக்கிப் பார்த்தாள். கொஞ்சம் இரு என்று கையைக் காட்டினேன். "தொழுகையில இருக்காங்கம்மா" என்று அவள் போய்ச் சொன்னாள்.

கொஞ்சம்தானே என்று நினைத்தேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன்?

வெளியே வந்தபோது நாகம்மாள் அழுதுகொண்டு நின்றாள். லாரி வந்துவிட்டதாம். ஓடினோம். வயலில் அடிதடி எல்லாம் முடிந்திருந்தது. வைரக்கண்ணு வரப்பில் கிடந்தான். வலது மணிக்கட்டு நொறுங்கிப்போயிருந்தது.

18-1-1968

ஆஸ்பத்திரி. "ஏம்மா சத்தம் போட்டுக் கூப்பிடல?" என்று நாகம்மாளைக் கேட்டேன். என்ன துணிச்சல் எனக்கு!

"தொழுறப்ப கூப்பிடக் கூடாதுல்ல முதலாளி. அதான் நின்னேன்."

தொழுகை முடிந்திருந்தது அம்மா என்று சொல்லாமல் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு நடந்தேன்.

2-2-1968

நான் போய்ப் பேசியதில் அரை மரக்காலுக்குத் தியாகராசன் சம்மதித்துவிட்டார். எல்லோரும் எனக்குச் சலாம் போட்டார்கள். வைரக்கண்ணுவுக்குக் கருக்கரிவாள் பிடிக்க விரல் மடங்கவில்லை.

3-2-1968

அன்று ஏன் உடனே எழுந்து வரவில்லை என்று ஜன்னத் இன்னும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைக்கலாம்.

11-3-1968

வைரக்கண்ணுவை மண்டிக்குக் காவலாக வைத்தேன். தர்மப் பிரபு என்கிறார்கள். சீ.

22-4-1968

அஸர். இப்போதெல்லாம் கதவைத் திறந்துவைத்தே தொழுகிறேன். நெல் நினைப்பு வருவதில்லை. லாரிச் சத்தம் வருகிறது.

ஸலாம் கொடுக்கும்போதே வாசலில் யாரோ வண்டிக்காரன் கத்தினான். வைரக்கண்ணு அவனை அடக்கினான்: "சத்தம் போடாதய்யா. முதலாளி தொழுகையில இருக்காங்க."

பாயைக்கூடச் சுருட்டாமல் வெளியே ஓடினேன்.

"அதுக்குள்ள எந்திரிச்சிட்டீங்களா?" என்றான் வைரக்கண்ணு. "இன்னும் செத்த உக்காந்திருக்கலாம்ல முதலாளி. நான்தான் வாசல்ல நிக்கிறேனே."