மாக்கில் வராத ஒரு வரி

அக்கா,

இன்று காலை என் இடது சுண்டுவிரல் உங்களைத் தேடியது. மாக் கணினியில் கட்டளை விசை பெருவிரலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சுண்டுவிரலோ பழக்கதோஷத்தில் மூலையிலிருக்கும் கண்ட்ரோல் விசைக்கே ஓடுகிறது. எதற்கும் கண்ட்ரோல் விசையையே கேட்கும் அந்தப் பழைய எழுத்துச் செயலியை, எங்கள் எடிட்டரை, பாவித்தே எங்கள் இருவருக்கும் அந்த விரல் நொந்துபோயிருந்தது. "இதைச் செய்தவருக்குச் சுண்டுவிரல் இல்லைப் போல" என்று நல்லெண்ணெய் தடவிக்கொண்டே சொல்வீர்கள்.

லினக்ஸிலிருந்து அதை விண்டோஸுக்குக் கொண்டுபோன நாட்கள் நினைவிருக்கிறதா? ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு வேண்டாத குறி வந்து நின்றது. நான் தலையில் கைவைத்தேன். நீங்கள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு சிரித்தீர்கள்.

"ஏன் முகத்தைச் சுளிக்கிறீர்? விண்டோஸ் ஆக்கள் வரியை வேற மாதிரி முடிக்கினம் போல. ஏனெண்டு பாப்பம்."

நீங்கள் இல்லாத இந்த வீட்டில் உங்கள் அவர், எனக்கு அண்ணை, இன்னும் காணி உறுதிப் பத்திரங்களை மொழிபெயர்த்துக்கொண்டுதான் இருக்கிறார். கண் மங்கிய பிறகு அவருடைய தொழில் ஓடுவதே, அந்த எடிட்டருக்குள் நீங்கள் அவருக்காக எழுதிவைத்த கட்டளைகளால்தான். பழைய கணினி செத்துப்போக, கனடாவிலிருந்து உங்கள் மகன் மாக் ஒன்றை அனுப்பினார். "வேற ஒண்டைப் பழக இனி என்னால ஏலாது தங்கச்சி" என்று அண்ணை சொன்னதால், நாரந்தனையில் என் வீட்டிலிருந்து கரம்பொனுக்கு நாள்தோறும் வந்து எடிட்டரை அதற்கு மாற்றினேன்.

இன்று எல்லாக் கட்டளையும் ஓடியது. பெரிய எழுத்து வந்தது, உறுதியின் தலைப்பு வந்தது. அண்ணை சந்தோசமாகத் திரையிலிருந்த எடிட்டர் யன்னலை மூடினார். பிறகும் எழும்பாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரேல்லை" என்றார்.

"என்ன அண்ணை?"

"நான் இதைப் பூட்டினால் அவ 'போட்டு வாங்கோ' எண்டு சொல்லுறவ."

நீங்கள் கட்டளைகளை எழுதிவைத்த கோப்பைத் திறந்தேன். எடிட்டர் முடியும்போது அந்த வரியைப் பெரிய எழுத்தில் காட்டச் சொல்லி அடியில் எழுதியிருந்தீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அழவேண்டிய இடத்தில், ஏன் வரவில்லை என்று அறியும் ஆவல்தான் எனக்கு முதலில் வந்தது. காரணம் லேசானது. மாக்கில் யன்னலை மூடினாலும் எடிட்டர் முடிவதில்லை, உள்ளே இருந்துகொண்டே இருக்கும். அதனால் உங்கள் வரிக்கு முறை வரவேயில்லை. யன்னல் மூடும்போதே அதைக் காட்டும்படி மாற்றினேன்.

அண்ணை மறுபடி மூடினார். வரி வந்தது.

"ஓம், போட்டு வாறன்" என்று திரைக்குச் சொல்லிவிட்டு, தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

எங்கள் பக்கத்தில் வெளிக்கிடுகிறவர்தானே, போய்விட்டு வருகிறேன் என்பதை, 'போட்டு வாறன்' என்பார்; வீட்டில் இருக்கிறவர்தான் 'போட்டு வாங்கோ' என்று சொல்லுவார். அதை எழுதியபோது, போகப்போவது நீங்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா அக்கா? தெரிந்துகொண்டேதான் வீட்டில் இருக்கிறவரின் சொல்லை எடுத்துக்கொண்டீர்களா? அண்ணையிடம் இதைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. உங்களிடம் கேட்க வழியில்லை. கேள்வியை நானே வைத்திருக்கிறேன்.