கண்ணாடித் தட்டில் என் கால்

அடி அண்ணாமலை
3.2.2025

அன்புத் தம்பி அறிவுச்செல்வனுக்கு,

போன் போட்டால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் கடுதாசி. என் ரத்தத்தைக் கொண்டுபோய் ஒரு வருஷம் ஆகிறது. அதை ஸ்டெம் செல்லாக மாற்றி, அதிலிருந்து ரத்தக்குழாய் வளர்த்து, மருந்தை அதில் சோதிப்போம் என்றாய். வளர்ந்ததா இல்லையா? "உன் தம்பி ரத்தத்த வித்துட்டாரு போல"னு பக்கத்துக் கடைப் பொன்னி கிண்டல் செய்கிறாள்.

அப்பா காலை வாங்கிய அதே சுண்ணாம்பு என் கால் ரத்தக்குழாயிலும் ஏறிக்கொண்டே போகிறது. என் இளநீர்க் கடையிலிருந்து பஸ் ஸ்டாப்புக்குப் போவதற்குள் நாலு இடத்தில் உட்காருகிறேன். என் மகள் ஆர்த்திக்கு வராமல் இருந்தால் போதும். மருந்து கிடைத்தால் செருப்பில்லாமல் மலை சுற்றுவதாக அண்ணாமலையாரிடம் வேண்டியிருக்கிறேன்.

உன் அக்கா,
சரசு


பெங்களூரு
20.3.2025

அன்பு அக்காவுக்கு,

வளர்ந்துவிட்டது! உன் நோயும் கூடவே வளர்ந்தது. கண்ணாடித் தட்டில் வளர்த்த உன் செல்களிலும் சுண்ணாம்பு படிந்தது. பதினோரு மருந்து போட்டுப் பார்த்தோம். ஒன்பதாவது மருந்தில் சுண்ணாம்பு படிவது நின்றுவிட்டது. லேப்பில் எல்லோரும் கத்தினோம். ஜெயிச்சுட்டோம்க்கா! மீதியை நேரில் சொல்கிறேன்.

உன் தம்பி,
அறிவு


அடி அண்ணாமலை
28.5.2025

தம்பி,

நேரில் சொல்கிறேன் என்றவன் வரவேயில்லை. மருந்து கிடைத்துவிட்டது என்று நம்பி, சித்ரா பௌர்ணமிக்கு உட்கார்ந்து உட்கார்ந்து மலை சுற்றி வேண்டுதலை முடித்தேன். சாமிக்குச் சொன்னதைத் தள்ளிப்போடலாமா? "செருப்பு இல்லாம ஒரு அடி வெக்காதம்மா" என்று டாக்டர் சொன்னதைவிட உன் கடிதத்தைப் பெரிதாக எடுத்துக்கொண்டேன். மத்தியான வெயிலில், தார் ரோட்டில் கூட வந்த பொன்னி குதிகுதியென்று குதித்தாள். எனக்குச் சுடவேயில்லை. மருந்து வருவதற்கு முன்னாடியே சாமி காலைக் கொடுத்துவிட்டார் என்று பூரித்துப்போனேன், பைத்தியக்காரி. கால் மரத்துப்போயிருந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதமெல்லாம் கொப்புளம். பத்து நாளில் கறுத்துப்போய், இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அந்த ஒன்பதாவது மருந்தைக் கேட்டேன். "எந்த மருந்தும்மா?" என்றார் டாக்டர். தட்டில் என் குழாய் சௌக்கியமாக இருக்கிறது. இங்கே காலில் எட்டு விரல்தான். எரிச்சல் எரிச்சலாக வருகிறது. மருந்து எங்கேடா?

சரசு


பெங்களூரு
9.6.2025

அக்கா,

என்னை மன்னித்துவிடு. உன் வேண்டுதலைப் படித்தேன், மறந்துவிட்டேன். தட்டில் ஜெயித்தது முதல் படிதான். இனி எலிக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும், பிறகு மனிதர்களுக்கு. பத்து வருஷம் ஆகலாம், பலிக்காமலும் போகலாம். அதை எழுதியிருக்க வேண்டும். ஒரு வருஷம் தலையை முட்டிக்கொண்டதில் கிடைத்த ஒரே நல்ல நாள், சந்தோஷத்தில் விட்டுவிட்டேன்.

இதைக் கேட்க வாய் வரவில்லை. போன வாரம் செல்களை உறைய வைத்திருந்த பெட்டி பழுதாகி உன் செல்கள் அத்தனையும் செத்துவிட்டன. முதலிலிருந்து தொடங்க உன் ரத்தம் வேண்டும். இதோடு சம்மதப் படிவம் வைத்திருக்கிறேன்.

அறிவு


அடி அண்ணாமலை
1.7.2025

அறிவுச்செல்வனுக்கு,

நீ அனுப்பிய நர்ஸ் வந்தாள். ரத்தம் கொடுத்துவிட்டேன். படிவத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உனக்காக இல்லை. போன வாரம் ஆர்த்தி ஸ்கூல் மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "கெண்டைக்கால் இழுக்குதும்மா" என்கிறாள்.

இனி எனக்கு நல்ல சேதி எழுதாதே. எலி பிழைத்தால் எலியிடம் சொல். மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு வா, சோறு போடுகிறேன். வெறுங்கையோடு வந்தால் கதவு திறக்காது.

இப்படிக்கு,
ரத்தம் கொடுத்தவள்
சரசு