பெயரோடு காட்டப்பட்ட என் உணவுக்குழாய்

அனுப்புநர்:
அப்துல் கபூர் சித்தி லெய்லா (திருமதி பாயிஸ்),
பள்ளிவாசல் பின்வீதி,
சிப்பிமுனை,
கண்டக்குழி வழி.

பெறுநர்:
சுகாதார வைத்திய அதிகாரி அவர்கள்,
சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை,
சிப்பிமுனைப் பிரிவு,
புத்தளம் மாவட்டம்.

விடயம்: எனது சிகிச்சைப் படத்தைப் பெயருடன் பொதுக்கூட்டத்தில் காட்டியதால் எனது இடியப்பக் கடை படுத்துப்போனமையும், அதற்கு நான் கேட்கும் பரிகாரமும்.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த மனுவை ஓரிடத்தில் இருந்து எழுத முடியாமல், அடுப்புக்கும் மேசைக்கும் நடந்து நடந்து எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தங்கள் பணிமனையில் தமிழ் தெரிந்த யாராவது இதைத் தங்களுக்கு வாசித்துச் சொல்வாராயின், கோபமான இடங்களையும் விடாமல் சொல்லும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

1. நான் தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இந்தக் கரைக்கு வந்தவள். இங்கேயே படித்து, இங்கேயே பாயிஸ் என்பவரைக் கலியாணம் முடித்து, வீட்டு வாசலில் இடியப்பமும் அப்பமும் சம்பலும் விற்று வருகிறேன். விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு கடலுக்குப் போகிறவர்கள் என்னிடம் வாங்கிக்கொண்டுதான் போவார்கள். பெரிய பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் ஓடுகிற வெள்ளைக்காரர் தங்கும் விடுதிகளுக்கும் காலைச் சாப்பாடு என் வீட்டிலிருந்துதான் போனது. இப்போது கச்சான் காற்றுக் காலம். என் கணவர் போகும் படகு கரையில் ஏற்றிக் கிடக்கிறது. இந்த மாதங்களில் எங்கள் வீட்டில் உலை கொதிப்பது என் உழைப்பில்தான்.

2. எனக்கு இருந்த வருத்தத்தை முதலில் சொல்ல வேண்டும். பல வருடங்களாக, விழுங்கிய சோறு நெஞ்சுக்குழியில் நின்றுவிடும். தண்ணீரும் நிற்கும். கொஞ்ச நேரத்தில் அப்படியே திரும்பி வரும். படுத்தால் மூக்காலும் வரும். எங்கள் ஊரில் தொண்டையில் எது சிக்கினாலும் அது மீன்முள்தான். வேறு வருத்தம் ஒன்று இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றாது, எனக்கும் தோன்றவில்லை. என்றைக்கோ தின்ற ஒரு சூடை மீனின் மேல் பழியைப் போட்டுவிட்டு, வெறுஞ்சோற்றை உருட்டி உருட்டி விழுங்கினேன், கதலிப்பழத்தை மெல்லாமல் விழுங்கினேன், பள்ளிவாசல் லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கிக் குடித்தேன். எல்லாம் திரும்பி வந்தது. ஒரு முள் இத்தனை வருடம் கரையாமல் எப்படி இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. நான் வற்றிப்போனதைப் பார்த்த சனம், பெண்சாதிக்கு வீட்டில் என்ன குறை வைத்தாய் என்று என் கணவரைத்தான் கேட்டது. அந்தக் காலம் முழுவதும் நான் ஊருக்குச் சமைத்தேன். பசியோடு நின்று சம்பல் அரைத்தேன். அப்போது என் கையால் சாப்பிட ஒருவரும் மறுக்கவில்லை.

3. கொழும்பில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில்தான் கண்டுபிடித்தார்கள். வெள்ளை மருந்தைக் குடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள், பிறகு கமரா வைத்த குழாயை வாயால் விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாய் இரைப்பையோடு சேருகிற இடத்தில் தசை இறுகித் திறக்காமல் கிடக்கிறது, முள்ளுமில்லை மண்ணுமில்லை என்றார்கள். வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டு, கமராவை உள்ளே விட்டு, திரையில் பார்த்துக்கொண்டே அந்தத் தசையை வெட்டிவிட்டார்கள். புளிப்பு மேலே ஏறாதபடி இரைப்பையின் ஒரு பக்கத்தை மடித்துத் தைத்தும் விட்டார்கள். அந்த டொக்டர்மாருக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். வார்டில் முதன்முதலாகக் கஞ்சித் தண்ணீர் தந்தார்கள். குடித்துவிட்டு, வழக்கம்போல் திரும்பி வரும் என்று ஏனத்தைப் பிடித்தபடி காத்திருந்தேன். வரவில்லை. நான் அழுவதைக் கண்டு தாதி ஓடி வந்து, எங்கே நோகிறது என்று கேட்டார். எனக்கு எங்கும் நோகவில்லை. இது தொற்றுகிற வருத்தமில்லை, பயமில்லாமல் சமைக்கலாம், சாப்பிடலாம் என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

குழாய் விட்டுப் பார்ப்பதும் சத்திரசிகிச்சையும் பதிவு செய்யப்படும் என்று முன்னரே சொன்னார்கள். படிப்பிக்கப் பயன்படுத்துவோம், பெயர் வராது என்றார்கள். நானும் மனம் விரும்பிக் கையெழுத்துப் போட்டேன்.

4. கடந்த மாதம் தங்கள் பணிமனை எங்கள் பாடசாலை மண்டபத்தில் வயிற்று வருத்தங்கள் பற்றிய விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தியது. சிற்றுண்டிக்கு என்னிடம்தான் சொல்லியிருந்தார்கள். எனக்கு அது எவ்வளவு பெருமை என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ரொட்டி, கட்லட், வட்டிலப்பம் எல்லாம் செய்து பின்பக்க மேசையில் அடுக்கிவிட்டுச் சுவரோரம் நின்றேன். தங்கள் சுகாதாரக் கல்வி அலுவலர் திரையில் ஒரு படம் போட்டார். யாரோ ஒருவரின் உணவுக்குழாய். உள்ளே பழஞ்சோறு நுரைத்துக் கிடந்தது. குழாயால் அதை உறிஞ்சினார்கள். இந்த நோயாளி மீன்முள் என்று நினைத்து வருடக்கணக்கில் சோற்றுருண்டை விழுங்கினாராம் என்று அலுவலர் சொன்னதும் மண்டபமே சிரித்தது. ஐயா, நானும் சிரித்தேன். பாவம், என்னைப்போல் இன்னொரு விசரி எங்கேயோ இருக்கிறாள் என்று நினைத்தேன். அப்போதுதான் திரையின் மூலையில் இங்கிலீஸில் இருந்த பெயரை முன்வரிசையில் யாரோ எழுத்துக்கூட்டி உரக்க வாசித்தார்கள். என் பெயர், என் வயது. எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின. நான் தேத்தண்ணீர்த் தட்டத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

5. அன்றைய சிற்றுண்டியை ஒருவரும் தொடவில்லை. கொண்டுபோன தட்டங்கள் கொண்டுபோனபடியே வீட்டுக்கு வந்தன. அதற்குப் பிறகு ஒருவருக்கு வீட்டில் பேக்கரிப் பாண் மிஞ்சிக் கிடக்கிறதாம், இன்னொருவருக்கு அரிசிமா ஒத்துக்கொள்ளவில்லையாம். விடுதிச் சமையல்காரர் மனுவேல், வெள்ளைக்காரர் இப்போது பாண்தான் கேட்கிறார்கள் என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பாராமல் போனார். அடுத்த வீட்டுக் கத்தரினா அக்கா மட்டும் தவறாமல் வாங்குகிறார். தன் வீட்டுக்கு வேண்டியதைவிடக் கூடுதலாக வாங்குகிறார். எனக்கு வியாபாரம் வேண்டும், இரக்கம் வேண்டாம் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு கலியாண வீட்டில் சஹன் வைத்தார்கள். ஒரே தாம்பாளத்தைச் சுற்றி இருந்து எல்லோரும் கையிட்டுச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். நான் உட்கார்ந்த சஹனில் இருந்து ஒவ்வொருத்தியாக எழும்பினார்கள். ஒருத்திக்குப் பிள்ளை அழுததாம், இன்னொருத்திக்குக் கால் மரத்துப் போனதாம். கடைசியில் முழுத் தாம்பாளமும் நானும் மட்டும் மிஞ்சினோம். ஒரு வாய்கூட எனக்கு இறங்கவில்லை. இந்தமுறை அதற்குத் தசை காரணமில்லை.

விடிந்தால் மாக் குழைக்காமல் இருக்கக் கை விடுகிறதில்லை. பிழிந்து அவித்து மூடி வைத்துவிட்டு வாசலுக்கும் குசினிக்கும் நடக்கிறேன். படலைச் சத்தம் கேட்டால் ஓடுகிறேன், பார்த்தால் காற்று. வெயில் ஏறியதும் எல்லாவற்றையும் ஆட்டுக்குப் போடுகிறேன். ஆடுகள் நன்றாகக் கொழுத்திருக்கின்றன.

6. இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். கூட்டத்தில் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்த ஒருவர் போன கிழமை வேலிக்கு அப்பால் நின்று என் கணவரைக் கூப்பிட்டார். தனக்கும் அதே வருத்தம்தான் போலிருக்கிறது, தானும் முள்ளென்றே இருந்துவிட்டேன், எந்த டொக்டரிடம் போக வேண்டும் என்று கேட்டார். விபரம் எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். அவருடைய பெயரை இங்கே எழுதமாட்டேன். ஒரு பெயர் வெளியே வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆகவே அந்தப் படத்தை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. உடப்புக்கும் கொண்டுபோங்கள், பாலாவிக்கும் கொண்டுபோங்கள், முள்ளென்று நினைத்துச் சோறு உருட்டுகிறவர்கள் எல்லோரும் பார்க்கட்டும். ஆனால் ஐயா, அந்த மனிதரும் போகும்போது ஒரு இடியப்பம் வாங்கவில்லை.

7. தங்கள் அலுவலர் வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்டார். பாடசாலை மதிலில் அறிவித்தல் ஒட்டலாம், இது தொற்றாது என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்லலாம் என்றார். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் அது போதாது. தொற்றாது என்பது ஏற்கெனவே சொல்லப்பட்ட விடயம். அன்று படம் முடிந்ததும் தாங்களே எழுந்து நின்று, இது தொற்றுநோய் அல்ல, யாரும் பயப்பட வேண்டாம் என்று தங்களுக்குத் தெரிந்த தமிழில் தெளிவாகச் சொன்னீர்கள். எல்லோரும் கேட்டார்கள். அதன்பின் நான் தங்களுக்கு முன்னால் தட்டத்தை நீட்டினேன். தாங்கள் கையைத் தூக்கி, தலையை ஆட்டி, கொண்டுவந்திருந்த போத்தல் தண்ணீரைக் குடித்துவிட்டு வாகனத்தில் ஏறினீர்கள். வயிறு நிறைந்திருந்திருக்கலாம், அவசர வேலையும் வந்திருக்கலாம். ஆனால் மண்டபம் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

8. நான் நட்டஈடு கேட்கவில்லை. அலுவலரின் வேலைக்கு உலை வைக்கவும் கேட்கவில்லை, அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. படத்தின் மூலையில் உள்ள பெயரை அழியுங்கள். அது பெயரோடு தங்கள் பணிமனைக்கு எப்படி வந்தது என்று விசாரித்து எனக்கு அறியத் தாருங்கள். இவற்றைவிட முக்கியமானது இதுதான்: எதிர்வரும் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து ஆட்கள் பள்ளியால் வெளியே வருகிற நேரத்தில், தாங்களும் அந்த அலுவலரும் என் வாசலில் போட்டிருக்கும் வாங்கில் அமர்ந்து, நான் பரிமாறும் இடியப்பத்தையும் மீன் ஆணத்தையும் சாப்பிட வேண்டும். வாகனத்துக்குள் இருந்து சாப்பிட்டால் சரிவராது, பார்சலும் கட்டித் தரமாட்டேன். தெருவைப் பார்த்தபடி, ஆறுதலாக, மென்று விழுங்கிச் சாப்பிட வேண்டும். உறைப்புப் பழக்கமில்லை என்றால் சொல்லியனுப்புங்கள், கொச்சிக்காயைக் குறைத்துப் போடுகிறேன்.

வர இயலாவிட்டால் காரணம் எழுதிக் கடிதம் அனுப்ப வேண்டாம். உள்ளதெல்லாம் தெரிந்த டொக்டரே என் கையால் சாப்பிடப் பயப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டு, சனிக்கிழமை காலையில் அடுப்பை இடித்துவிடுவேன்.

இப்படிக்கு,
படலையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்,

(ஒப்பம்) அ. சித்தி லெய்லா

இடம்: சிப்பிமுனை
திகதி: 11.09.2018