பதினோரு கயிற்றுத் தடம்

பிப்ரவரி 17, செவ்வாய்க்கிழமை. முற்பகல் 11.25. புள்ளிகள் 6,418.

இரண்டாவது தடவையும் பார்த்துவிட்டேன். திரையின் இடப்பக்கம் நீ செய்த படகு. வலப்பக்கம், பிரதீப் தன்னுடையது என்று விற்கிற படகு. உருவம் எத்தனை புள்ளிகளால் ஆனது என்று மென்பொருளைக் கேட்டால் இரண்டுக்கும் ஒரே பதில்தான் வருகிறது. இரண்டு பேர் தனித்தனியாக உட்கார்ந்து ஒரே படகைப் பார்த்துச் செய்தாலும் நூறு இருநூறாவது முன்பின் ஆகும். இங்கே ஒன்றுகூட ஆகவில்லை. படகின் உடலில் நிறத்தை மட்டும் மாற்றியிருக்கிறான். உன் நீலம் அவனிடம் பச்சை.

உன் அக்கா வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எதிர்க் கொட்டகையில் ஒரு ஃபைபர் படகுக்கு ஒட்டுப் போடுகிறார்கள். ரெசின் நாற்றம் உள்ளே வந்ததும் என் தலை தானாக வாசல் பக்கம் திரும்பியது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. தலைக்கு அது இன்னும் தெரியவில்லை.

அந்த நாற்றத்தோடுதான் மூன்று வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காலையில் கொட்டகையில் நிஜப் படகை ஒட்டுவாய். மத்தியானம் வியாசர்பாடியில் என் வீட்டுக்கு வந்து என் கணினியில் பொய்ப் படகு செய்வாய். "குளிச்சிட்டு வந்து உக்காருடா" என்றால், "குளிச்சா போற நாத்தமா இது? தோல்ல ஊறிக்கினு கீது மாமு" என்பாய்.

ஊர் உலகமெல்லாம் ஆளுக்கொரு உருவம் எடுத்து உலவுகிற, நிலம் வாங்குகிற, வீடு கட்டுகிற அந்த இணைய உலகத்தில் நமக்கும் ஒரு கடை இருந்தது. மற்றவர்கள் அரண்மனையும் இறக்கையும் விற்றார்கள். நாம் நீலப் பிளாஸ்டிக் குடம், டீக்கடை பெஞ்சு, மூன்று சக்கர மீன்பாடி வண்டி விற்றோம். உருவம் உன் வேலை. அதை ஓட வைப்பது, திரும்ப வைப்பது, சத்தம் போட வைப்பது என் வேலை. பின்லாந்திலோ எங்கோ ஒருவன் தன் மாளிகை வாசலில் நம் மீன்பாடி வண்டியை நிறுத்தி வைத்திருந்ததைப் பார்த்து நாள் முழுக்க சிரித்தாய்.

படகுக்கு மட்டும் நீ எடுத்துக்கொண்ட நேரம் எனக்குப் பொறுக்கவில்லை. பாலிடெக்னிக்கில் நாம் ஒரே பெஞ்சு, ஒரே பாடம் படித்தவர்கள். ஒரு பாதியைச் செய்து கண்ணாடி மாதிரி மறுபக்கம் திருப்பிவிட்டால் வேலை முடிந்தது என்பது உனக்கும் தெரியும். சொன்னேன். நீ அளவு டேப்பை எடுத்துக்கொண்டு என்னைக் கரைக்கு இழுத்துப் போனாய். உன் அப்பா இறந்த பிறகு கடலுக்குப் போகாமல் கவிழ்த்துப் போட்டிருந்த அவர் படகை ஆறு பேர் சேர்ந்து நிமிர்த்தினோம்.

"இங்க பாரு. எங்கப்பா வலை இழுத்தது பூரா இந்த வலது பக்கம்தான். லெஃப்ட் கை அவருக்கு அவ்வளவா தூக்காது."

படகின் வலது விளிம்பில் கயிறு அறுத்த தடங்கள். விரல் வைத்தால் உள்ளே இறங்கும். பதினோரு தடம். இடது விளிம்பு புதுசு மாதிரி வழவழவென்று இருந்தது.

"இத எவன்டா பாக்கப்போறான்?" என்றேன்.

"நான் பாக்குறேன்ல."

ஒவ்வொரு தடத்துக்கும் ஆழம் அளந்து எழுதினாய். ஆறு புள்ளியில் முடிகிற விளிம்புக்கு அறுநூறு செலவழித்தாய். அன்றைக்கு உன்னைத் திட்டினேன். இன்றைக்கு அந்த அறுநூறு புள்ளிதான் என் கையில் இருக்கிற கத்தி.

உங்கள் கரையில் ஒரு வழக்கம். படகு கரையேறும்போது தள்ளக் கை கொடுத்தவன் யாராக இருந்தாலும் கறிக்கு என்று ஒரு கை மீன் அள்ளிப் போடுவார்கள். வழிப்போக்கனாக இருந்தாலும் போடுவார்கள். தள்ளியவன் கேட்கவும் மாட்டான், கொடுப்பவர்களுக்குக் கணக்கும் இல்லை. அதை நீ கணினிக்குள்ளும் கொண்டுவந்தாய். அதுதான் நீ செய்த தப்பு.

பிரதீப் மணலிக்காரன். அந்த உலகத்தில் அவனுக்கும் ஒரு கடை. நம் படகை இரண்டு நாள் ஓட்டிப் பார்த்து, திருப்பத்தில் தண்ணீருக்குள் முங்குகிறது என்று சொன்னான். சரிசெய்தது நான். ஆனால் உன் கணக்கில் அவன் படகு தள்ளக் கை கொடுத்தவன். வாங்குகிறவர்களுக்கு நாம் படகை ஓட்ட மட்டும்தான் அனுமதி கொடுப்போம். நகல் எடுக்க முடியாது, பிறருக்குக் கொடுக்க முடியாது. அவனுக்கு நீ எல்லா அனுமதியும் திறந்துவிட்ட பிரதி ஒன்றைக் கொடுத்தாய். இன்ன நிபந்தனை என்று ஒரு உரிமப் பத்திரம்கூட இல்லாமல். எனக்குத் தெரிந்தபோது கத்தினேன்.

"கறிக்குக் குடுத்தேன்டா. கையெழுத்து வாங்கிக்கினா குடுப்பாங்க?" என்றாய்.

எண்ணூர் விரைவு சாலையில் அந்த கண்டெய்னர் லாரி உன்னை அடித்தது அதற்கு ஐந்து வாரம் கழித்து. அதை எழுதப்போவதில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு பிரதீப் வந்தான். அழுதான். மூன்று தடவை சாம்பார் வாங்கிச் சாப்பிட்டான். அதையும் எண்ணி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் அவன் கடையில் பச்சைப் படகு வந்தது.

நீ கொடுத்த பிரதியை அவன் அப்படியே விற்றிருந்தால் 'செய்தவர்' என்ற இடத்தில் உன் பெயர் தானாகவே வந்திருக்கும். அந்த உலகத்தின் விதி அது. யார் கைக்கு மாறினாலும் அந்தப் பெயர் மாறாது. அதனால் உருவத்தைத் தன் கணினிக்கு இறக்கி, மறுபடி தன் கணக்கிலிருந்து ஏற்றியிருக்கிறான். ஏற்றியவன் பெயர்தான் செய்தவன் பெயராக விழும். நீ ஐந்து மாதம் உட்கார்ந்த வேலைக்கு அவனுக்கு ஆனது ஐந்து நிமிடம்.

ஒரே படகு இரண்டு கடையில் நின்றால் எது அசல் என்று வாங்குகிறவர்கள் கேட்பார்கள். கேட்டார்கள். அதற்கும் அவனே முந்திக்கொண்டான். படகைச் செய்தது தான்தான் என்று உறுதிமொழி கொடுத்து, நாம் திருடிவிட்டதாக அந்த உலகத்தை நடத்துகிற நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினான். ஒரு காலை நம் கடைக்குள் போய்ப் பார்த்தேன். வாசலில் நின்ற படகு இல்லை. தண்ணீர் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

அவனுக்குப் போன் பண்ணினேன்.

"மாமு, டென்ஷன் ஆகாத. அவனே குடுத்தது மாமு. ஃபுல் பர்மிஷன். சாட் இருக்கு எங்கிட்ட."

"குடுத்தான், சரி. பேர ஏன்டா மாத்துன?"

"செத்தவன் பேரு அதுல இருந்து இன்னா யூஸ் மாமு? ஒரு டவுட்டுனா கேக்க ஆள் இல்ல. பிசினஸ் பேஜாராயிடும்."

போனை வைத்துவிட்டேன். அவன் வீடு எனக்குத் தெரியும். சுத்திகரிப்பு ஆலைக்குப் பின்னால் மூன்றாவது தெரு. வண்டியை எடுத்துக்கொண்டு பாதி தூரம் போனேன். டேங்கர் லாரி வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றபோது புத்தி வந்தது. அடித்தால் அவன் நாலு நாளில் எழுந்துவிடுவான். எனக்கு அது போதாது.

திரும்பி வந்து சட்டம் படித்தேன். செய்தவன் செத்த பிறகும் அறுபது வருடம் உரிமை உயிரோடு இருக்கும். பிரதீப்புக்கு இது தெரியாது. உரிமை உன் வாரிசுக்குப் போகும். அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, உனக்குக் கல்யாணமும் ஆகவில்லை. அக்கா மட்டும்தான். காலையில் மீன் விற்றுவிட்டு மத்தியானம் தாசில்தார் அலுவலகத்தில் என்னோடு வரிசையில் நின்றார். மீன் கூடையைப் பார்த்து முன்னால் நின்றவர் மூக்கைப் பொத்தினார். "நைனா, இந்தக் கூடை உனக்குக் கலீஜ். எனக்குச் சோறு" என்றார் அக்கா. பொத்தியவர் கையை எடுத்துவிட்டார். ஆறு தடவை அலைந்து வாரிசுச் சான்றிதழ் போன வியாழக்கிழமை கிடைத்தது.

இன்று காலை அக்காவிடம் இரண்டு படகையும் காட்டினேன். புள்ளி எண்ணிக்கையை விளக்க ஆரம்பித்தேன். அவர் கேட்கவே இல்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு பச்சைப் படகின் விளிம்பில் விரல் வைத்து எண்ணினார்.

"பதினொண்ணு. எங்கப்பா போட்டு இது. இந்தப் பேமானி ஏன்டா வலைய லெஃப்ட்ல தொங்கவுட்டுக்கினு கீறான்?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். வேறு படகு மாதிரி காட்டுவதற்காக பிரதீப் ஒரு வலையைத் தனி உருவமாகச் சேர்த்திருக்கிறான். அது இடது விளிம்பு வழியாகக் கடலில் இறங்குகிறது. அந்த விளிம்பில் ஒரு கீறல் இல்லை. பதினோரு தடமும் வலது பக்கம் சும்மா கிடக்கின்றன. அந்தத் தடங்கள் எதற்கு என்றே அவனுக்குத் தெரியாது. ஏதோ அலங்காரம் என்று நினைத்திருக்கிறான்.

உன் பழைய லேப்டாப்பை அக்கா பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பிரதீப் தன் புகாரோடு ஒரு உரையாடல் படம் இணைத்திருந்தான். அதில் உன் வரி: 'வெச்சுக்கோ மாமு. இன்னா வேணா பண்ணிக்கோ. வித்துக்கோ.' அவ்வளவுதான். அதற்குக் கீழே படம் முடிகிறது. முழு உரையாடல் உன் லேப்டாப்பில் இருந்தது. அவன் வெட்டிய அந்தக் கீழ்ப்பாதியை மட்டும் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"'செஞ்சது நான்னு மட்டும் அதுல இருக்கட்டும். எங்கப்பா போட்டு அது.' அதுக்கு அவன், 'ஓகே மாமு, சத்தியமா'ன்னு போட்டிருக்கான்க்கா."

"அதுக்கு முன்னாடி இன்னா எழுதிக்கினு கீறான்?"

"ஒண்ணும் இல்லக்கா."

"என் தம்பி சும்மா ஒத்த வரி பேசுறவனா? படி."

நான் என்ன நினைத்தேன் என்று உனக்குச் சொல்கிறேன். அவன் கீழ்ப்பாதியை வெட்டினான். நான் மேல்பாதியை வெட்டி அனுப்பினால் அவன் கடையே மூடும். மொத்தமாக. குடம், பெஞ்சு, சுவர், மரம் என்று அவன் விற்கிற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு நிறுத்தி வைப்பார்கள். அதுதான் எனக்கு வேண்டும். மாதக் கணக்காக அதை நினைத்துத்தான் சாப்பிடுகிறேன்.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். படித்தேன். வித்துக்கோ என்ற இடம் வந்ததும் சிரித்தார். அழுகிற மாதிரி சிரிப்பு.

"கறிக்குக் குடுத்துட்டான் பைத்தியக்காரன்."

"உங்க தம்பி உயிரோட இருந்தா நான் உதைச்சிருப்பேன்க்கா."

"நானும்தான். ஆனா குடுத்தத நான் திருப்பிக் கேக்க மாட்டேன். அவன் துன்னுட்டுப் போட்டும். எங்கப்பா போட்டை 'நான்தான் செஞ்சேன்'னான் பாரு, அதுக்கு மட்டும் அவன வுடக் கூடாது. எங்க கையெழுத்துப் போடணும், காட்டு."

இதை நீ சொல்லியிருந்தால் ஒரு மணி நேரம் சண்டை போட்டிருப்பேன். அக்காவிடம் போட முடியவில்லை. அதனால் திட்டத்தை மாற்றினேன். மாற்றியதும் ஒன்று புரிந்தது. கடை மூடினால் அவன் வேறு பெயரில் வேறு கடை திறப்பான். இது அதைவிட அதிகமாக வலிக்கும்.

கொட்டகையில் ஒட்டு காய்ந்துவிட்டது போலிருக்கிறது. தேய்க்கிற சத்தம் கேட்கிறது. நீ எனக்கு விட்டுப்போனது இந்த நாற்றம், இந்த லேப்டாப், அந்த அறுநூறு புள்ளி. மூன்றையும் பயன்படுத்தப் போகிறேன்.

இனி செய்யப்போவது:

1. இன்று மாலை நான்கு மணிக்குள் நிறுவனத்துக்கு மறுப்புக் கடிதம் போகும். அக்கா கையெழுத்து, வாரிசுச் சான்றிதழ், இரண்டு படகின் புள்ளி எண்ணிக்கை, கரையில் கிடக்கிற உன் அப்பா படகின் விளிம்பை, பக்கத்தில் உன் அளவு டேப் வைத்து எடுத்த புகைப்படம்.

2. உரையாடல் முழுசாகப் போகும், உன் 'வித்துக்கோ'வும் சேர்த்து. அவன் வெட்டிய இடத்தில் ஒரு சிவப்புக் கோடு போடுவேன்.

3. பொய் உறுதிமொழி கொடுத்ததற்குத் தனியாக ஒரு புகார். இதில் இரக்கம் கிடையாது. அவன் போன் பண்ணினால் எடுக்க மாட்டேன். நேரில் வந்தால் அக்காவிடம் அனுப்புவேன். எடுக்காமல் இருப்பதைவிட அது மோசம்.

4. விற்கிறவர்கள் எல்லோரும் இருக்கிற குழுவில் அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். வலது விளிம்பில் அந்தத் தடங்கள் எப்படி வந்தன? பதில் சொல்கிறவரை தினமும் காலை பத்து மணிக்குக் கேட்பேன்.

5. படகு விற்பதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். நீ கொடுத்த அசல் பிரதியைத்தான் அவன் விற்க வேண்டும், அதை மட்டும் நிறுவனத்திடம் கேட்பேன். விற்கிற ஒவ்வொரு படகிலும் உன் பெயர் இருக்கும். செத்தவன் பெயரால் என்ன பயன் என்று கேட்டவன், அந்தப் பெயரை எடுத்துக் கொடுத்துத்தான் இனி பிழைக்க வேண்டும்.

6. அப்படி அவன் விற்கிற முதல் படகை நான் வாங்குவேன். அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து 'செய்தவர்' என்ற இடத்தைத் திறந்து காட்டுவேன். பிறகு படகைக் கடலில் இறக்கி, வலையை வலது பக்கம் போடுவேன்.