மடிப்பில் பிரிந்த தாள்

ஜூன் 3

கூழ் மேஸ்திரி அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

உங்களுக்குப் பிறகு வந்தவர் தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கிறார்; சட்டைப் பொத்தானையும் ஒழுங்காகப் போடுகிறார். ஆனாலும் பள்ளிக்கூடத்து நோட்டுகள் மறுபடியும் திரும்பி வந்துவிட்டன. நடுத்தாள் மடிப்பிலேயே விட்டுப்போகிறதாம். என் கணவர் இருந்தவரை இப்படி ஒரு புகார் வந்ததில்லை. காகிதக் கூழில் நீங்கள் எதை, எவ்வளவு கலந்தீர்கள் என்று எழுதி அனுப்பவும். எழுத்து தெளிவாக இருக்கட்டும்.

இதை நம் புதுத் தாளில்தான் எழுதுகிறேன். வெண்மையைப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஆலை முதலாளியம்மா


ஜூன் 11

அம்மாவுக்கு வணக்கம்.

அவளுக்கு வலி பரவாயில்லை. நீங்கள் விசாரித்ததைச் சொன்னேன். "இப்பதான் ஞாபகம் வந்துச்சாமா?" என்றாள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கடிதம் உறைக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து வந்தது. சேர்த்து வைத்துப் படித்தேன். வெள்ளைக்குக் குறைவில்லை, கண் கூசுகிறது.

என் கலவையில் ரகசியம் எதுவும் இல்லை. வெள்ளைக் களிமண் பார்வைக்கு, கஞ்சிமாவு பிடிப்புக்கு. களிமண் ஏறினால் நாரோடு நார் ஒட்டாது. என் கலவைக் கணக்கு ஆலையின் அளவு நோட்டில், முன்பாதியில் இருக்கிறது. பின்பாதியில் இருப்பது என்னுடையது இல்லை. யார் கையெழுத்து என்று, முதல் தடவை நோட்டுகள் திரும்பி வந்த அன்றைக்குப் பள்ளித் தலைமையாசிரியை முன்னால் நான் சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்லப்போவதில்லை.

மேஸ்திரி


ஜூன் 19

ஐயா,

நோட்டைப் பார்த்தேன். கன்னியர் மடத்துப் பள்ளியில் பிரம்படி வாங்கி வந்த கையெழுத்து. ஒரு சுழிகூடப் பிசகவில்லை. 'தாள் அழுக்காகத் தெரிகிறது. களிமண் இரு மடங்கு. கஞ்சிமாவு பாதி.' கீழே என் கையொப்பமும்.

மறந்துபோயிற்று என்று எழுதலாம். மறக்கவில்லை. தலைமையாசிரியை யார் தவறு என்று கேட்டபோது, "மேஸ்திரி அளவுல கோட்டை விட்டுட்டார்" என்றேனே, அப்போதும் நினைவிருந்தது. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் மேஜையில் இருந்த நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். மறுநாள் நீங்கள் வேலைக்கு வரவில்லை. ஏன் என்று நான் கேட்டனுப்பவும் இல்லை.

இன்று காலை பள்ளிக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை. அந்தப் பக்கத்தைத் தொட்டிக்கு மேலே மாட்டச் சொன்னேன். புதியவர், "வேண்டாம்மா, நாலு பேர் பார்ப்பாங்க" என்றார். அதற்குத்தான் என்றேன்.

உங்களைத் திரும்பி வரச் சொல்ல எனக்கு வாயில்லை. வர விரும்பினால், யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இது அலமாரியில் கிடந்த உங்கள் காலத்துத் தாள். கொஞ்சம் மஞ்சள்தான். நான்காக மடித்தும் பிரித்தும் பார்த்துவிட்டேன். முழுதாக வந்து சேரும்.

இப்படிக்கு,
அளவை மாற்றியவள்